போனை விட்டவனுக்கு ஒரு போன்

இருசப்பன் கைப்பேசியை விட்டு எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. எழுபத்திரண்டாம் நாள், கைப்பேசியை விடச் சொல்லி அவனுக்கு உத்தரவு வந்தது.

உத்தரவை ஊராட்சி செயலாளர் ராஜம்மாளே நேரில் கொண்டுவந்து கொடுத்தாள். கிரிவலப் பாதையை ஒட்டிய அந்த ஊரில் இருசப்பன் பதினோரு வருடமாக டேங்க் ஆபரேட்டர். காலையும் மாலையும் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலை. ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு வருடமும் மார்ச் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பெயரைப் புதுப்பித்து அனுப்ப வேண்டும்.

"இந்த வருஷம் சும்மா அனுப்ப முடியாது இருசப்பா" என்றாள் ராஜம்மாள். "மாவட்ட கைப்பேசி நல்லொழுக்க மையம்னு ஒண்ணு தொறந்திருக்காங்க. அங்கேர்ந்து நீ மீண்டுட்டன்னு சான்றிதழ் வாங்கியாரணும். இல்லாட்டி உன் பேரு லிஸ்ட்ல ஏறாது."

"நான் மீண்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதேக்கா. போனையே வித்துட்டேன். ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரிஞ்சா ஆச்சா? பேப்பருக்குத் தெரிய வேணாமா?"

பேப்பருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வீடியோதான். தொட்டி நிறைய ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கழிக்கத்தான் இருசப்பன் முதலில் கைப்பேசியைக் கையில் எடுத்தான். பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் போதவில்லை. மார்கழி மாதத்து முதல் வாரத்தில் ஒரு காலைப்பொழுது, கைப்பேசியில் நாய் ஒன்று ஸ்கூட்டரின் முன்தட்டில் நின்றுகொண்டு கூலிங்கிளாஸ் போட்டுப் போவதைப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டிருந்தபோது, தொட்டி வழிந்து, வாய்க்கால் கட்டி, மண்ணாங்கட்டி என்கிற விவசாயி களத்தில் காயப்போட்டிருந்த நாலு மூட்டை நிலக்கடலையை, ஊர்ப்பேச்சில் மல்லாட்டையை, மிதக்கவிட்டது. மண்ணாங்கட்டி பத்தடி தூரத்தில் நின்று "தண்ணி! தண்ணி!" என்று கத்திக்கொண்டிருந்தார். இருசப்பன் காதில் ஒயர் இருந்தது. இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்து யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். கத்துகிற கிழவரையும் சிரிக்கிற ஆபரேட்டரையும் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். இருசப்பனும் பார்த்தான். அது தான்தான் என்று தெரிவதற்கு முன்னால் அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டான்.

அன்று சாயந்திரமே தேரடித் தெருவில் பக்ருதீனின் கைப்பேசிக் கடைக்குப் போய் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பட்டன் போன் ஒன்று வாங்கிக்கொண்டான். மறுநாளிலிருந்து மூன்று நாள் மண்ணாங்கட்டியோடு உட்கார்ந்து மல்லாட்டையை வாரி, உதறி, திரும்பக் காயப்போட்டான். கிழவர் முதல் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "அந்த நாயி கடைசீல வுழுந்துச்சா இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் இருபது நாள் பெரிய பாடு. கட்டை விரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை. சோற்றுத் தட்டின் ஓரத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். "தட்டுல அடுத்து இன்னா வருதுன்னு பாக்கறியா? ரசந்தான் வரும்" என்பாள் அவன் மனைவி வள்ளி. பிறகு விரல் அடங்கியது. தூக்கம் வந்தது. தொட்டி முக்கால் நிறைந்தால் குழாயில் சத்தம் மாறும் என்பதைப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் காதால் கேட்டான். அதற்கப்புறம் தொட்டி வழியவில்லை.

இப்போது அந்த எழுபத்தோரு நாளைப் பேப்பரில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மையம் செங்கம் ரோட்டில், ஒரு கஃபேயின் மாடியில் இருந்தது. கீழே வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைத் திறந்தவர்கள் லேப்டாப் பார்த்தார்கள். மாடிப்படி முகப்பில் ஒரு பெரிய பலகை: "கைப்பேசியைத் தவிர்ப்போம், வாழ்வை ரசிப்போம். உள்ளே வர ஸ்கேன் செய்யவும்."

காவலாளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேன் பண்ணா கதவு தெறந்துக்கும்" என்றார்.

இருசப்பன் பட்டன் போனை எடுத்துக் காட்டினான். காவலாளி அதை ஏதோ அகழ்வாராய்ச்சியில் கிடைத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இத வெச்சுகினு போன விடற எடத்துக்கு வந்துட்டியா?"

முக்கால் மணி நேரம் கழித்து வேறு யாரோ ஸ்கேன் செய்து கதவு திறந்தபோது அவர் பின்னாலேயே இருசப்பனும் நுழைந்தான். உள்ளே கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் தலை குனிந்து, அசையாமல், ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள். ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நினைத்து இருசப்பன் செருப்பைக் கழற்றிவிட்டான். கிட்டே போனபோதுதான் எல்லார் மடியிலும் வெளிச்சம் தெரிந்தது.

ஆலோசகர் பிரசாத்துக்கு இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, இரண்டு கையிலும் இரண்டு போன். ஆனால் நல்ல பையன். எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"டெய்லி எவ்ளோ நேரம் போன் பாப்பீங்கண்ணா?"

"பாக்கறது இல்ல சார்."

"சரிண்ணா, எவ்ளோ நேரம்?"

"பாக்கறதே இல்ல சார். வித்துட்டேன்."

"அந்த ஆப்ஷன் இல்லண்ணா. நாலு மணி நேரம், எட்டு மணி நேரம், அதுக்கும் மேல. மூணுதான் இருக்கு."

"சைபர் போட முடியாதா?"

"சைபர் போட்டா சாப்ட்வேர் எடுத்துக்காது. நாலு மணி நேரத்துக்கு மேல பாத்தாதான் நீங்க பயனாளி. பயனாளியா இருந்தாதான் சிகிச்சை. சிகிச்சை முடிஞ்சாதான் சான்றிதழ்." பிரசாத் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "நீங்க மொதல்ல சிஸ்டத்துல ஏறணும்ணா. ஏறுனாத்தான நாங்க எறக்க முடியும்?"

"ஏறினதுக்குத்தான் வீடியோவே கீதே சார். நாலு லட்சம் பேரு பாத்தாங்க."

"எல்லாரும் பாத்தோம்ணா. அந்த வீடியோவ வெச்சுத்தான் இந்த மையமே ஆரம்பிச்சாங்க. ஆனா நீங்க விட்டது மையம் தொறந்த தேதிக்கு முன்னாடி. மையம் வர்றதுக்கு முன்னாடி குணமானவங்களுக்கு மையம் பொறுப்பாக முடியாது இல்ல?"

இருசப்பன் யோசித்தான். குணமானதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்குள் பிரசாத் மேஜை இழுப்பறையைத் திறந்து, பெட்டி பிரிக்காத புதுக் கைப்பேசி ஒன்றை எடுத்து அவன் முன்னால் வைத்தான்.

"வசதி இல்லாத பயனாளிகளுக்கு மையமே குடுக்குதுண்ணா. 'மீள்வோம்' செயலி உள்ளயே இருக்கு. மொத பதினஞ்சு நாள் தினம் நாலு மணி நேரம் பாருங்க. அடுத்த பதினஞ்சு நாள் மூணே முக்கால். இப்படியே படிப்படியா கொறச்சுகிட்டே வந்தா எட்டு மாசத்துல சைபர். சிகிச்சையில சேந்துட்டா மார்ச்சுக்குத் தற்காலிகச் சான்றிதழ் ஒண்ணு தந்துடுவோம். சட்டுனு விட்டா உடம்புக்கு ஆகாது."

"நான் சட்டுனுதான் சார் விட்டேன். உடம்புக்கு ஒண்ணும் ஆவல."

"அது வெவரம் தெரியாம பண்ணிட்டீங்க."

செயலியின் முறை எளிமையானது. விழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஒரு மணியோசை கேட்கும். உடனே கைப்பேசியை எடுத்து, "நான் கைப்பேசி பார்க்கவில்லை" என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் அந்த ஆள் கைப்பேசி பார்த்துக்கொண்டிருப்பதாகக் கருதப்பட்டு, ஆலோசகருக்கு எச்சரிக்கை போகும்.

"எடுக்காம இருந்தா பாக்கறேன்னு அர்த்தம். எடுத்தா பாக்கலன்னு அர்த்தம். அப்படித்தான சார்?" என்று இருசப்பன் சரிபார்த்துக்கொண்டான்.

"கரெக்டா புரிஞ்சுகிட்டீங்கண்ணா" என்றான் பிரசாத். மகிழ்ச்சியாக இருந்தது அவனுக்கு. பலருக்கு இதைப் பலமுறை விளக்க வேண்டியிருந்ததாம்.

வேலைக்காகக் கைப்பேசியை வாங்கிவந்த இருசப்பன் மூன்று நாள் சமாளித்தான். கைப்பேசியை மோட்டார் அறை ஆணியில் ஒரு மஞ்சள் பைக்குள் தொங்கவிட்டான். மணி அடித்தால் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே பொத்தானை அழுத்தினான். இரண்டாம் நாள் செயலி அதைக் கண்டுபிடித்துவிட்டது. பொத்தான் இடம் மாறிக்கொண்டே இருக்க ஆரம்பித்தது. பார்த்தால்தான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியும்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரை மணிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. எடுத்தான், தேடி அழுத்தினான். திரையில் வாணவேடிக்கை வெடித்தது. "வாழ்த்துகள்! உங்களுக்காக ஒரு விழிப்புணர்வுக் காணொலி" என்றது. கைப்பேசியால் கழுத்து வளைந்துபோன ஒருவர் பேசினார். முடிந்ததும் அதன் அடியிலிருந்து அடுத்தது தானாக மேலே வந்தது. கழுத்து நிமிர்ந்த ஒருவர் பேசினார். அதற்கடுத்து கழுத்து நிமிர்வதற்கான எண்ணெய். அதற்கடுத்து ஒரு ஆடு. ஆட்டுக்கு விழிப்புணர்வோடு என்ன சம்பந்தம் என்று பார்ப்பதற்காகத்தான் இருசப்பன் கொஞ்சம் நின்றான். ஆட்டுக்கு அடுத்து இன்னொரு ஆடு.

தலை நிமிர்ந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. வள்ளி எதிரில் நின்றிருந்தாள்.

"நான்தான் நிறுத்தனேன்" என்றாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் வுட்டிருந்தா வழிஞ்சிருக்கும்."

"கூப்ட்டிருக்கலாம் இல்ல?"

"நாலு வாட்டி கூப்ட்டேன். நாலாவது வாட்டி உன் பேரச் சொல்லியே கூப்ட்டேன். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல மொத மொற. அதுக்கும் நீ திரும்பல."

இருசப்பன் கையைப் பார்த்தான். கட்டை விரல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. திரை அவனைப் பாராட்டியது: "அருமை! இன்று நீங்கள் ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் மீட்புப் பயிற்சியில் ஈடுபட்டுள்ளீர்கள்."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். மல்லாட்டை மிதந்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயம் இல்லை. அன்று தனக்கு என்ன நோய் என்று தெரியாது. இன்று தெரிந்த நோயைப் பெட்டி பிரிக்காமல் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"நாளைக்கே கொண்டுபோயி குடுத்துடப்போறேன்" என்றான்.

"சான்றிதழு?"

"வேணாம்."

"வேல போயிடுமே."

"போனா போவுது வள்ளி. மூட்டை தூக்கறேன், லாட்ஜுல ரூம் கூட்டறேன். இத எடுத்தா மறுபடியும் நீ கூப்புட்றது கேக்காது எனக்கு. எனக்குத் தெரியும்."

வள்ளி மஞ்சள் பையை வாங்கி, கைப்பேசியை உள்ளே போட்டு, வாயில் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

"ராஜம்மாக்கா கிட்ட நீயே பேசிக்கோ" என்றாள். "நான் பேசனா சண்டையாயிடும்."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுப்பது வாங்குவதைப்போலச் சுலபமாக இல்லை. திருப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தைச் செயலி வழியாகத்தான் அனுப்ப முடியும் என்றும், அது பரிசீலிக்கப்பட முப்பது நாள் ஆகும் என்றும், அந்த முப்பது நாளும் விண்ணப்பத்தின் நிலையை அன்றாடம் கைப்பேசியில் பார்த்துவர வேண்டும் என்றும் பிரசாத் விளக்கினான். இருசப்பன் மஞ்சள் பையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க எழுதுறத எழுதிக்கோங்க சார். அத நான் எடுத்துகினு போவ மாட்டேன்."

பிரசாத் அவனைத் திட்ட அலுவலர் தேவிப்ரியாவிடம் கூட்டிக்கொண்டு போனான். தேவிப்ரியா மேடம் ஒரு போனில் பேசிக்கொண்டு, இன்னொரு போனில் டைப் செய்துகொண்டு, மூன்றாவது போனில் தன்னைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். "பயனாளி ஒத்துழைக்க மறுக்கிறார்" என்று பிரசாத் சொன்னதும் மூன்றையும் சற்றே தாழ்த்தினார்.

"இருசப்பன், உங்களுக்கு இருக்கிறது பிடிவாதம். அது அடிமைத்தனத்தோட அறிகுறி."

"போன வேணாம்னு சொல்றதா மேடம்?"

"பாத்தீங்களா, எதிர்த்துப் பேசறீங்க. அதுவும் அறிகுறிதான்." கொஞ்சம் யோசித்தார். வீடியோவில் வந்த ஆளை விட்டுவிடவும் மனமில்லை. "ஒண்ணு பண்ணுங்க. பௌர்ணமிக்கு 'கைப்பேசி இல்லாக் கிரிவலம்' நடத்தறோம். அதுல முழுசா நடங்க. நடந்துட்டா சிறப்பு நேர்வா எடுத்துக்கிட்டு சான்றிதழ் தர்றேன்."

பதினாலு கிலோமீட்டர் நடப்பது இருசப்பனுக்கு ஒரு விஷயமில்லை. கைப்பேசி இல்லாமல் நடப்பது அதைவிடச் சுலபம். சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

பௌர்ணமியன்று மதியம் மூன்று மணிக்கு மேடை தயாராக இருந்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். நுழைவாயிலில் பவர் பேங்க் வாடகைக்குக் கொடுத்தார்கள். தேவிப்ரியா மேடம் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! கைப்பேசி நம்ம நேரத்தைத் திருடுது. இந்த விழாவுக்காக நான் கடந்த பதினெட்டு நாளா போனைக் கீழே வைக்கல. என் மகள்கிட்ட நேர்ல பேசி ஒரு வாரம் ஆச்சு. அவளுக்கு ஏதாவது வேணும்னா குரூப்ல போடச் சொல்லிட்டேன். இந்தத் தியாகமெல்லாம் யாருக்காக? உங்களுக்காக. இப்ப இந்த நிகழ்ச்சியைப் பன்னிரண்டாயிரம் பேர் நேரலையில பாத்துட்டு இருக்காங்க. அவங்க எல்லாரையும் நான் கேட்டுக்கறது ஒண்ணுதான்: போனைக் கீழே வைங்க! ஆனா தயவுசெஞ்சு நேரலையை விட்டு வெளியே போயிடாதீங்க, எண்ணிக்கை கொறையுது."

கைதட்டல் எழவில்லை, எல்லார் கையிலும் போன் இருந்தது.

விதிமுறைகளைப் பிரசாத் படித்தான். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்களிலும் நின்று, தன்னைத்தானே படமெடுத்து, "நான் கைப்பேசி இல்லாமல் நடக்கிறேன்" என்ற வாசகத்தோடு செயலியில் ஏற்ற வேண்டும். அதிக விருப்பக்குறி வாங்குகிறவருக்குச் சிறப்புப் பரிசு: ஒரு டேப்லெட்.

இருசப்பன் சட்டைப்பையில் எதுவுமில்லாமல் வெறுங்காலோடு நடந்தான். முன்னால் போனவர்கள் நிமிடத்துக்கு ஒருதரம் நின்றதால் பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் மோதினார்கள். மோதியவர்களும் போனைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள் என்பதால் சண்டை வரவில்லை. மலை நடக்க நடக்க உருவம் மாறிக்கொண்டே வந்தது. நாற்பத்து மூன்று வருடமாக அதன் அடியில் இருக்கிறவன், எமலிங்கம் தாண்டியதும் அதற்கு இன்னொரு தோள் இருப்பதை அன்றுதான் சரியாகப் பார்த்தான். 

அடி அண்ணாமலையில் பாதையோரம் பக்ருதீன் ஒரு மேஜை போட்டு, ஐம்பது ஒயரைத் தொங்கவிட்டு, "இங்கு சார்ஜ் போடப்படும்" என்று அட்டை வைத்திருந்தார்.

"இன்னா பாய், கடைய இங்க தூக்கியாந்துட்ட?"

"சாதா பௌர்ணமிக்கு சார்ஜ் போட இவ்ளோ கூட்டம் வராது இருசு. போன் இல்லாத கிரிவலம்னாதான் சார்ஜ் ஜாஸ்தி எறங்குது." அவர் இரண்டு கையாலும் ஒயர் மாட்டிக்கொண்டே பேசினார். "உங்க மேடம் கிட்ட சொல்லு, மாசாமாசம் வெக்கட்டும். அல்லா அவங்களுக்கு நீண்ட ஆயுசு குடுக்கட்டும்."

குபேர லிங்கத்தருகே பிரசாத் நின்று தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான். இருசப்பனும் ஒன்று வாங்கிக் குடித்தான். இருட்டுவதற்குள் நடையை முடித்து மேடைக்குத் திரும்பினான். நிறைவு செய்தவர்கள் பட்டியல் பெரிய திரையில் ஓடியது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது பெயர். தன் பெயரைத் தேடினான். கடைசியில், தனியாக, சிவப்பு எழுத்தில் இருந்தது: "இருசப்பன் - வருகை தரவில்லை."

"நான் நடந்தேனே சார்!"

"எங்கயும் நீங்க பதிவாகலையேண்ணா."

"நீதான சார் எனக்குத் தண்ணி பாட்டிலு குடுத்த?"

"நான் பாத்தேண்ணா" என்றான் பிரசாத், தலையைக் குனிந்துகொண்டு. "சிஸ்டம் பாக்கல."

இருசப்பன் வீட்டுக்குப் போனான். மறுநாள் ராஜம்மாளிடம், "என் பேர எடுத்துடுக்கா" என்றான். "முப்பத்தொண்ணு வரைக்கும் நாளிருக்கே" என்று சொல்லி அவள் பட்டியலை மூடி வைத்தாள்.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு மையத்தின் ஜீப் மோட்டார் அறை வாசலில் வந்து நின்றது. பிரசாத் இறங்கி ஓடிவந்தான். சட்டை நனைந்திருந்தது.

"அண்ணா, உடனே வாங்க. மேடம் கையோட கூட்டியாரச் சொன்னாங்க. சான்றிதழ் ரெடி."

ஜீப்பில் போகும்போதே விவரம் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்குள் சென்னைக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். பதிவு செய்த பயனாளிகள் மூவாயிரத்து இருநூற்று ஆறு. மீண்டவர்கள், பூஜ்யம். எல்லாரும் செயலியை ஒழுங்காகப் பயன்படுத்தியதால் யாருடைய நேரமும் குறையவில்லை. சிலருக்கு எட்டு மணி நேரம் பதினொன்றாகியிருந்தது. ஒருவர்கூட மீளவில்லை என்றால் நாளைக் காலை மையம் இருக்காது. மாவட்டத்திலேயே கைப்பேசியை விட்ட ஒரே ஆள், பதிவேட்டில் ஒத்துழைக்க மறுத்தவர் என்று குறிக்கப்பட்டிருந்த இருசப்பன்தான்.

கூடத்தில் வழக்கம்போல முப்பது பேர் தலை குனிந்திருந்தார்கள். தேவிப்ரியா மேடம் அறையில் மூன்று போனும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இருசப்பனுக்கு டீ வந்தது.

"ஒரு கையெழுத்துதான் இருசப்பன்" என்று அச்சிட்ட படிவத்தை நகர்த்தினார். "எல்லாம் நாங்களே பூர்த்தி பண்ணிட்டோம்."

இருசப்பன் நிதானமாகப் படித்தான். 'மீள்வோம்' செயலியை இரவு பகலாகப் பயன்படுத்தியதால் கைப்பேசியிலிருந்து முற்றிலும் மீண்டதாகவும், மைய அலுவலர்களே தனக்கு மறுவாழ்வு தந்ததாகவும் அவன் சொல்லியிருந்தான்.

"இதுல கீறது பொய் மேடம்."

"சின்னப் பொய்தானே?"

"பெரிய எழுத்துல போட்டிருக்கீங்களே. எழுதாத பாரம் ஒண்ணு குடுங்க. நானே எழுதறேன்."

"நேரமில்ல. உங்க வேலை இந்தக் கையெழுத்துல இருக்கு. அதை ஞாபகம் வெச்சுக்கங்க."

"என் வேல போச்சுன்னு நான் பதினஞ்சு நாளா பழகிட்டேன் மேடம்" என்றான் இருசப்பன். டீயைக் கீழே வைத்தான். "நீங்க இன்னிக்குத்தான பழகணும்?"

பிரசாத் எதையோ தேடுவதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தேவிப்ரியா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தார்.

இருசப்பன் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி எழுதினான். மீண்ட முறை என்ற இடத்தில், "போனை வித்துட்டேன்." செயலியின் பங்கு: "ஒரு நாள் மறுபடியும் கெடுத்துச்சு." மையத்தின் பங்கு: "டீ குடுத்தாங்க." பிறருக்குத் தங்கள் அறிவுரை என்று கடைசியில் நாலு கோடு விட்டிருந்தார்கள். அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினான்: "இங்க வராதீங்க. இங்க வந்தா ஜாஸ்திதான் ஆவும். போனை எடுத்து வெச்சிட்டு எழுந்து போங்க. மொத இருபது நாள் கஷ்டம். அப்புறம் கூப்ட்டா காது கேக்கும்."

மேடம் படித்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"கடைசி நாலு வரியை மட்டும் அடிச்சிடலாமே."

"அடிச்சா என் கையெழுத்தையும் சேர்த்து அடிச்சிடுங்க மேடம்."

மணி நாலு ஐம்பத்தாறு. தேவிப்ரியா மேடம் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். சான்றிதழை இருசப்பனிடம் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். பிரசாத் படிவத்தைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றினான். "மீண்டவர்: 1" என்று திரை மாறியது. வாணவேடிக்கை வெடித்தது.

செயலியைச் செய்தவர்கள் நல்ல மூளைக்காரர்கள். முதல் ஆள் மீண்டவுடன் அவருடைய அறிவுரை, அவர் கைப்பட எழுதியபடியே, எல்லாப் பயனாளிகளுக்கும் உடனுக்குடன் போக வேண்டும் என்று முதலிலேயே ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். இதுவரை யாரும் மீளாததால் அப்படியொரு ஏற்பாடு இருப்பது யாருக்கும் நினைவில்லை.

கூடத்தில் முப்பது போனும் ஒரே நேரத்தில் அடித்தன.

"நிறுத்து! பிரசாத், நிறுத்து அதை!"

"நிறுத்தறதுக்குச் சென்னையிலேர்ந்து ஓடிபி வரணும் மேடம்."

இருசப்பன் அறையை விட்டு வெளியே வந்தான். முப்பது பேரும் தன் கையெழுத்தைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். சிலர் இரண்டாம் முறை படித்தார்கள். ஒரு தடித்த மனிதர் முதலில் தலையை நிமிர்த்தினார், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "நீ எங்க தெரு இல்ல?" என்று கேட்டார். "ரெண்டு மாசமா எதிர்லதான் உக்காந்திருக்கேன்" என்றார் அவர். நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு அம்மாள் எழுந்து, கைப்பேசியை அணைத்து, இடுப்பில் செருகிக்கொண்டு இருசப்பனிடம் வந்தார்.

"நீதானா இத எழுதனது?"

"ஆமா."

"பழைய போன எங்க வாங்கறாங்க?"

"தேரடித் தெருவுல பக்ருதீன் பாய் கட. இருசப்பன் அனுப்பனான்னு சொல்லுங்கம்மா. பாய் திட்டுவாரு, காதுல போட்டுக்காதீங்க."

உள்ளே மேடம் குரலும், மூன்று போன்களின் மணியும் மாறி மாறிக் கேட்டன. இருசப்பன் சான்றிதழை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான். மாடிப்படி குறுகலானது. இறங்குகிறவர்கள் கூட்டமாக இருந்ததால் அவன் கொஞ்ச நேரம் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது.